அசிஸ்ட் இணையத்தளம்: பல் மருத்துவத்தை நோக்கிப் போகிறவர்களுக்கு எவ்வளவு உதவும்?

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் பயோ எடுத்து, பேராதனைப் பல் மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதாமல் போனவர்களில் சிலர், கலிபோர்னியாவில் சொந்தக்காரர் இருந்தால் அங்குள்ள கம்யூனிட்டி கொலிஜில் (இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் அரச கொலிஜ்) தொடங்கலாமா என்று விசாரிப்பதுண்டு. ஏஜென்சிக்குக் காசு கட்டுமுன் அவர்கள் திறக்க வேண்டியது அசிஸ்ட் டொட் ஓர்க். கலிபோர்னியாவின் அரச கொலிஜ்களில் படித்த எந்தப் பாடத்தை எந்த அரச பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதற்கான அதிகாரபூர்வப் பதிவு அது. இலவசம்.

கல்வியாண்டு, படிக்கும் கொலிஜ், போகவிருக்கும் பல்கலைக்கழகம் மூன்றையும் தெரிவுசெய்து, பட்டப் பாடத்தின்படி பார்க்கவும். 'பிரீ-டென்டல்' என்று தேடிப் பயனில்லை. அது பட்டமல்ல, ஆயத்தம் மட்டுமே. உயிரியல் அல்லது உயிர் இரசாயனம் என்று தேடுங்கள். இடப்பக்கம் பல்கலைக்கழகப் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான கொலிஜ் பாடம். வலப்பக்கத்தில் இரண்டு பாடங்களுக்கு இடையில் 'அன்ட்' என்று இருந்தால் இரண்டையும் முடிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

கொலிஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு எப்போது மாறுவது என்பதை இந்தத் தளம் சொல்லாது. ஆனால் சேதன இரசாயன வரிசையைக் கவனித்தால் விடை பாதி தெரிந்துவிடும். யூ.சி. எனப்படும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் பேர்க்லியும் மேர்செட்டும் செமஸ்டர் முறை (வருடத்துக்கு இரண்டு தவணை), மற்றவை குவார்ட்டர் முறை (மூன்று தவணை). கொலிஜில் இரண்டு செமஸ்டராகப் போகும் பாடத்தைப் பாதியில் விட்டு மாறினால், அங்கே எந்தக் குவார்ட்டரிலும் சரியாகப் பொருந்தாது. படித்ததையே திரும்பப் படிக்க நேரும். ஆகவே தொடங்கிய வரிசையைத் தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டும். அதற்கு முதலாம் ஆண்டிலேயே பொது இரசாயனம் முடிந்திருக்க வேண்டும். அது பிந்தினால், சேதன இரசாயனத்தை முழுதாகவே பல்கலைக்கழகத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான யூ.சி. வளாகங்கள் இலையுதிர் பருவத்தில்தான் மாற்றல் மாணவர்களை எடுக்கின்றன. கொலிஜில் ஒரு செமஸ்டர் கூடுதலாக இருந்தால் ஒரு வருடம் போய்விடும். விண்ணப்பம் முந்திய ஒக்டோபர், நவம்பரில். மாறுமுன் 60 செமஸ்டர் யூனிற் (பாட அளவு) வேண்டும்.

அடுத்தது, பல்கலைக்கழகத்துக்குப் பிறகு சேரும் பல் மருத்துவக் கல்லூரிகள் கேட்பது. வழக்கமாக உயிரியல், பொது இரசாயனம், சேதன இரசாயனம், பௌதிகவியல் ஒவ்வொன்றும் செய்முறையுடன் 8 செமஸ்டர் யூனிற். பல கல்லூரிகள் உயிர் இரசாயனமும் கேட்கும். இந்தக் கடைசிப் பாடம் கம்யூனிட்டி கொலிஜில் பெரும்பாலும் கிடையாது. இரண்டு வருடத்தில் மாறி, அடுத்த ஜூனிலேயே அட்சாஸ் (பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை) விண்ணப்பம் போடுவதென்றால், பல்கலைக்கழகப் புள்ளிகள் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும்; விஞ்ஞான விரிவுரையாளர்களின் பரிந்துரைக் கடிதங்களையும் அதற்குள் தேட வேண்டும். பல் மருத்துவ அனுமதிக்கான டி.ஏ.ரி. பரீட்சையில் பௌதிகவியல் இல்லை, அதைப் பிற்போடலாம். சேதன இரசாயனத்தைப் பிற்போட முடியாது: 100 விஞ்ஞானக் கேள்விகளில் 30 அதிலிருந்துதான். எனவே சேதன இரசாயனத்தைப் பல்கலைக்கழகத்துக்கு விட்டவர்கள் விண்ணப்பத்தை ஒரு வருடம் தள்ளிப்போடுவதே புத்தி. இன்னொன்று, திருப்பி எடுத்த பாடத்தின் பழைய புள்ளியும் அட்சாஸ் கணக்கில் சேரும்.

குறைகளும் உண்டு. யூ.எஸ்.சி. (தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்) போன்ற பல தனியார் பல்கலைக்கழகங்களோ வேறு மாநிலங்களோ இதில் இல்லை. கம்யூனிட்டி கொலிஜில் படித்த விஞ்ஞானப் பாடங்களைச் சில பல் மருத்துவக் கல்லூரிகள் விரும்புவதில்லை. அதை ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் தனித்தனியே பார்க்க வேண்டும். அமெரிக்க நிரந்தர வதிவுரிமை இல்லாதவர்களை எடுக்காத கல்லூரிகளும் இருக்கின்றன. எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கைபேசியில் இரண்டு நிரல்களையும் ஒப்பிடுவது சிரமம், கணினியில் பாருங்கள். ஒப்பந்தங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பாடம் எடுக்கும் ஆண்டுக்குரியதைப் பீ.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். கொலிஜ் ஆலோசகருடன் சூமில் பேசுவதானால், கோடையில் அங்கே காலை 9 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் இரவு 9.30.