நண்டுப்பிடி மொபைல் ஹோல்டர்: பைக்குக்கு வாங்கலாமா?

போனின் நாலு மூலையையும் நண்டுக்கொடுக்கு மாதிரி கவ்வும் அலுமினிய ஹோல்டர் இது. பிடிமானத்தில் குறை சொல்ல முடியாது. வேகத்தடையில் ஏறி இறங்கினாலும் போன் நகராது. 22 மி.மீ. ஹேண்டில்பாரில் கூடவே தரும் ரப்பர் பட்டையைச் சுற்றிவிட்டுத்தான் கிளாம்பை முடுக்க வேண்டும். வெறுமனே முடுக்கினால் நாளடைவில் சுழன்று, போன் தரையைப் பார்த்துத் தொங்கும். ஸ்கூட்டருக்குக் கண்ணாடிக் கம்பியில் மாட்டும் வகைதான் சரி. அதை மாட்டக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். யமஹாவில் வலதுபக்கக் கண்ணாடி எதிர்மரை, அதாவது மரை எதிர்த்திசையில் ஓடும். வழக்கம்போலத் திருகினால் கழலாது, இறுகும்.

கொடுக்கு பவர் பட்டனில் உட்காரக் கூடாது. குழியில் குலுங்கும்போது பட்டன் அழுந்தித் திரை அணையும், அதை எழுப்பக் கை தானாகப் போகும். எஞ்சின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்திருக்கிறது. சின்ன ஸ்கூட்டர் என்றாலும் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த மாடலே நல்லது.

இதெல்லாம் சில்லறைக் குறை. பதினெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்த கையோடு இதை மாட்டுகிறவர்களுக்குப் பெரிய ஆபத்து வேறு: ஹோல்டர் கையை விடுவிக்கிறது, கண்ணைக் கட்டிப்போடுகிறது. வாட்ஸ்அப் மின்னினால் பார்க்காமல் இருக்க முடியாது. 60 கி.மீ. வேகத்தில் 2 வினாடி பார்த்தால் 33 மீட்டர் போயிருக்கும். ஏறக்குறைய மூன்று டவுன் பஸ் நீளம். 2020 அக்டோபரில் வந்த விதித் திருத்தமும் வழி பார்க்க மட்டுமே, அதுவும் கவனம் சிதறாத வகையில்தான் போனை அனுமதிக்கிறது. ரீல்ஸுக்கு இல்லை.

ஆகவே கிளம்புமுன், வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே மேப்ஸில் இடத்தைப் போட்டு, தமிழ்க் குரலை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டால் மட்டும் போதாது; சத்தம் நின்றாலும் செய்தி திரையில் தெரியலாம். அதே அமைப்புக்குள் அறிவிப்புகளை மறைக்கும் தேர்வையும் போட வேண்டும். மீடியா ஒலியை அனுமதித்து வையுங்கள், இல்லையென்றால் மேப்ஸும் வாய் மூடிவிடும். ஐபோனில் ஃபோகஸ் பகுதியில் 'டிரைவிங்' இருக்கிறது. தானாக ஆன் ஆகும்படி வைத்தால் பஸ்ஸில் போகும்போதும் ஆகித் தொலைக்கும்; அதற்காக அணைத்துவிட்டு, மறுபடி போட மறப்பவர்களும் உண்டு.

மொத்தத்தில் ஹோல்டருக்கு ஐந்துக்கு நாலு தரலாம். தினம் போகிற காலேஜ் வழிக்கு மேப்ஸே தேவையில்லை, போன் பையில் இருக்கட்டும். வெளியூர் போகும் நாளில் மாட்டிக்கொள்ள ஒரு ஆலன் கீயும் (அறுகோணத் திருகுசாவி) ஐந்து நிமிடமும் போதும்.