மழை இரவுக்கு எந்தப் பேய்ப்படம்?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை. தகரத்தில் மழை கொட்டிய சனிக்கிழமை இரவு ‘அரண்மனை 4’, மறுநாள் ‘டிமாண்டி காலனி 2’ என்று வீட்டோடு பார்த்தோம். இரண்டும் 2024இல் வந்த தொடர்ச்சிப் படங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்காமல் அரண்மனையைப் போடுங்கள். முந்தைய பாகங்கள் தெரியாவிட்டாலும் புரியும். அசாம் நாட்டார் கதைகளில் வரும் ‘பாக்’ என்ற நீர்ப்பேயை சுந்தர் சி. கொண்டுவந்தது நல்ல யோசனை. யோகி பாபுவும் கோவை சரளாவும் வந்தால் பயம் இறங்கிவிடுகிறது. ஆனால் தமன்னா செத்த பிறகும் மகளைக் காக்க நிற்கிற இடத்தில் அம்மாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் தொண்டை அடைத்தது.

அஜய் ஞானமுத்துவின் டிமாண்டி வேறு ரகம். 2015இல் வந்த முதல் பாகத்தைப் பார்க்காமல் இதைத் தொட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது. அருள்நிதிக்கு இதில் இரட்டை வேடம்.

எனக்கு முதல் பாகம்தான் இன்னும் ஒரு படி மேல். நான்கு நண்பர்கள் ஓர் அறைக்குள் மாட்டிக்கொள்ளும் கதை அது. ஒற்றைக் காம்பராவில் வளர்ந்தவர்களுக்கு அந்த மூச்சுமுட்டல் நன்றாகத் தெரியும். இரண்டாம் பாகம் பல இடங்களுக்கு விரிந்ததில் அந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது.

ஆனாலும் பயம் என்றால் இதுதான். அன்று நடுராத்திரி இஸ்தோப்பு (முன் திண்ணை) வாளியில் ஒழுக்குத் தண்ணீர் சொட்டிய சத்தத்துக்கே மூத்தவன் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.