கார்பென்டாசிம் 50: கரும்புக் குருத்து முறுக்கலுக்கு அடித்துப் பார்த்த அனுபவம்

கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லித் தூளுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மருந்து நல்ல மருந்துதான், ஆனால் நாள் தவறினால் வாங்கிய காசு தண்ணீரில் போன மாதிரி.

கரும்புக்கு ஐந்தாம் மாதம். நாலைந்து நாள் விடாத மழைக்கு அப்புறம் வெயில் அடித்து, உள்ளே நுழைந்தால் மூச்சு முட்டும் புழுக்கம். அந்த வாரம்தான் குருத்து இலைகளின் அடிப்பக்கம் வெளுத்து, சுருங்கி, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு நின்றது. முதலில் குருத்துப்புழு என்றுதான் நினைத்தேன். பிடித்து இழுத்தால் குருத்து கையோடு வரவில்லை, தண்டில் ஓட்டையும் இல்லை. போரான் சத்துப் பற்றாக்குறையிலும் இலை இப்படிச் சுருங்கும் என்பதால் அதிலும் ஒரு குழப்பம். காட்டிக் கேட்ட பிறகுதான் பொக்கா போயங் என்ற குருத்து முறுக்கல் நோய் என்று உறுதியானது. ஃபுசேரியம் வகைப் பூஞ்சாணம், வித்துகள் காற்றில் வந்து குருத்துக்குள் மழைத்தண்ணீரோடு இறங்குகின்றன. 1896-லேயே ஜாவாவில் பதிவான நோய், பெயரும் அந்த ஊர் மொழிதான். ரொம்ப காலம் சின்ன நோய் என்று ஒதுக்கப்பட்டது, இப்போது பல ரகங்களில் பலமாகத் தாக்குகிறது.

லிட்டருக்கு 1 கிராம், 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை அடித்தேன். தூளை நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள். கொஞ்சம் தண்ணீரில் கூழ் மாதிரி குழைத்துவிட்டு ஊற்ற வேண்டும், நடுநடுவே கலக்கியும் விட வேண்டும், இல்லையென்றால் அடியில் தங்கி கடைசித் தொட்டிதான் கெட்டியாகப் போகும். கரும்பு இலை வழுக்கும், ஒட்டும் திரவம் சேர்க்காமல் அடித்த ஒரு வரிசையில் மருந்து முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்ததைப் பார்த்தேன். மேலிருந்து குருத்துக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும், பயிர் ஆள் உயரம் தாண்டிவிட்டால் அது பெரும்பாடு.

பலன்? இலை வெளுத்து மஞ்சளாகும் ஆரம்பக் கட்டத்தில் இருந்த தூர்களில் இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு வந்த குருத்து நேராக, பச்சையாக வந்தது. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே அடிக்காமல் விட்ட இரண்டு வரிசையிலும், வானம் வெளுத்த பிறகு லேசாகத் தாக்கிய கரும்பு பாதிக்கு மேல் தானாகத் தேறியது, கொஞ்சம் தாமதமாக. அதனால் எல்லாப் புகழையும் மருந்துக்குக் கொடுக்க மாட்டேன். கொண்டை அழுகிப்போன கரும்புக்கோ எந்த மருந்தும் பிரயோஜனம் இல்லை. நுனி அழுகி நாற்றம் அடிக்கும், சோகையை (காய்ந்த இலையை) உரித்தால் தண்டில் கத்தியால் குறுக்கே கீறிய மாதிரி ஏணிப்படி வெட்டுகள். அப்படிப்பட்டதை வெட்டி எடுத்து வயலுக்கு வெளியே அழித்துவிட்டேன்.

இன்னொரு குறை, இதையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சாணம் பழகிவிடும், ஏனென்றால் இந்த மருந்து ஒரே ஒரு இடத்தில்தான் அதைத் தாக்குகிறது. அடுத்த முறை தேவைப்பட்டால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற வேறு பூஞ்சாணக்கொல்லியை மாற்றி அடிப்பேன். கையுறை, முகமூடி இல்லாமல் தூளைத் தொடவே வேண்டாம்.

நோய் வந்த வயலிலிருந்து விதைக்கரணை (நடுவதற்கான கரும்புத் துண்டு) எடுக்கவில்லை. அடுத்த நடவுக்குச் சுத்தமான பயிரிலிருந்துதான் கரணை, ரகமும் மாற்றப் போகிறேன். மருந்து டப்பாவில் பாதி மீதி இருக்கிறது, மழை விட்ட மறுநாளே குருத்தைப் பார்க்கப் போய்விடுவேன்.