மூன்று டியூபிலும் 50 தான், ஆனால் ஒரே 50 இல்லை

அம்மாவின் கன்னத்தில் மங்கு பரவ ஆரம்பித்ததும் தோல் டாக்டர் முதலில் சொன்னது சன்ஸ்கிரீன். அப்புறம் வீட்டில் மூன்று டியூப் சேர்ந்துவிட்டன. ஒன்று பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஃபார்மசியில் நான் வாங்கியது, ஒன்று ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சித்தி மகள் கொண்டுவந்தது, ஒன்று அமெரிக்காவிலிருந்து மாமா அனுப்பியது. மூன்றிலும் எஸ்பிஎஃப் (வெயிலில் தோல் சிவக்காமல் காக்கும் அளவு) 50. "எல்லாம் ஒண்ணுதானே?" என்று அம்மா கேட்க, ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன்.

நம்ம மலேசியாவில் சன்ஸ்கிரீன் அழகுசாதனப் பொருள், லிப்ஸ்டிக், பவுடர் இருக்கும் அதே வரிசை. விற்பதற்கு முன் நிறுவனம் என்பிஆர்ஏ-வுக்கு (மருந்து, அழகுசாதனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) அறிவிப்பு கொடுத்து, 'என்ஓடி' என்று தொடங்கி 'கே' என்று முடியும் ஒரு எண்ணை வாங்க வேண்டும். அந்த எண் இருந்தால் அரசாங்கம் சோதித்துப் பார்த்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள் (நானும்தான்). அப்படி இல்லை. மருந்துக்குத் தரும் எம்ஏஎல் எண் வேறு, இது வேறு. இங்கே 50 என்பதற்கான சோதனைத் தாள்கள் நிறுவனத்தின் கோப்பில் இருக்கும், அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் அந்த எண்கூட இல்லாமல் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்பதைத் தொடாதீர்கள்.

அமெரிக்காவில் இதே பொருள் மருந்து. லேபல் விஷயத்தில் அவர்கள் கறார். அங்கே உணவு, மருந்தைக் கண்காணிக்கும் எஃப்டிஏ 2011இல் கொண்டுவந்த விதிப்படி 'வாட்டர்புரூஃப்', 'சன்பிளாக்' என்ற சொற்களைப் போடவே கூடாது. தண்ணீரில் 40 நிமிடம் தாங்குமா, 80 நிமிடம் தாங்குமா என்றுதான் சொல்லலாம். பத்துமலைக்கு வெயிலில் நடந்துபோய் வியர்த்து வழிகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான வரி எந்த டியூபிலும் இல்லை. ஆனால் மங்குக்கு முக்கியமான யுவிஏ கதிர் (தோலுக்குள் ஆழமாகப் போகும் புற ஊதாக் கதிர்) என்று வந்தால் அமெரிக்க லேபல் கிட்டத்தட்ட ஊமை. 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றால் தேர்ச்சி, எத்தனை மதிப்பெண் என்று தெரியாது. ஐரோப்பாவில் யுவிஏ பாதுகாப்பு எஸ்பிஎஃப்பில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், வட்டத்துக்குள் யுவிஏ என்று போடுவார்கள். ஜப்பானில் பிஏ என்று எழுதி பிளஸ் குறிகள், நான்கு பிளஸ் வரை. நம்ம கடைகளில் ஜப்பான், கொரியா சரக்கு நிறைய இருப்பதால் அந்த பிளஸ்கள் நமக்கும் கிடைக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் மாமாவின் டியூபைவிட என் டியூபே மேல்.

சரி, ஆஸ்திரேலியா. கறார் என்றால் இவர்கள்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். சன்ஸ்கிரீன் அங்கே மருந்து வகை, உரிமம் பெற்ற தொழிற்சாலையில்தான் தயாரிக்க வேண்டும், டியூபில் 'ஆஸ்ட் எல்' எண் இருக்கும், 50 பிளஸுக்கு மேல் போட முடியாது. அப்படிப்பட்ட நாட்டில் 2025இல் சாய்ஸ் என்ற பயனீட்டாளர் அமைப்பு 20 சன்ஸ்கிரீன்களை வாங்கிச் சோதித்தது. 16 லேபலில் சொன்ன அளவை எட்டவில்லை. 50 பிளஸ் என்று போட்ட ஒன்றுக்கு வந்த எண் 4! விஷயம் என்னவென்றால், அங்கேயும் விற்பனைக்கு முன் ஒவ்வொரு டியூபையும் அரசாங்கம் சோதிப்பதில்லை, நிறுவனம் தரும் சான்றுதான். அமெரிக்காவிலும் நிறுவனமே சோதித்துக்கொள்கிறது. ஆக மருந்தா அழகுசாதனமா என்ற பெயரை வைத்து நான் போட்டிருந்த கணக்கு தப்பு. கடையிலிருந்து எடுத்துச் சோதிக்க ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் வித்தியாசம். பயனீட்டாளர் சங்கத்துக்குப் பேர்போன பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதும்போது கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று, இது மூன்று டியூபுக்கும் பொது. எஸ்பிஎஃப் சோதனையை ஆட்களின் முதுகில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் செய்கிறார்கள். அந்த ஆட்கள் வெயிலில் சட்டென்று சிவக்கும் வெளிர்நிறத் தோல்காரர்கள். நம்மில் பெரும்பாலோர் அந்த வரிசையில் சேரவே முடியாது. தவிர நாம் பூசுவது அந்த அளவில் பாதிகூட இருக்காது, பிறகு 30க்கும் 50க்கும் சண்டை போட்டு என்ன? ஒழுங்காகப் பூசினால் தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98.

அம்மாவுக்குக் கடைசியில் வாங்கியது நான்காவது டியூப். லேசாக மண்நிறம் கலந்தது, பின்னால் பிஏ நான்கு பிளஸ், பொருள்பட்டியலில் அயர்ன் ஆக்சைடு. கறுத்த தோலில் மங்கு கூடக் காரணம் யுவி மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான், அதைத் தடுக்க இந்த நிறம் உதவுகிறது. அதற்கென்று ஒரு எண் மூன்று டியூபிலும் இல்லை. வெள்ளை பூசின மாதிரி திட்டுத் திட்டாகத் தெரியாததால் அம்மா தினமும் போடுகிறார், மாமா அனுப்பியது ஃபிரிட்ஜுக்கு மேலே கிடக்கிறது.