டவுன் கடையா, உப்புவெளி சீசனா, வீட்டுக் குசினியா?

அக்காவுக்குச் சீட்டுக்காசு கைக்கு வந்த நாளிலிருந்து திருகோணமலையில் எங்கள் வீட்டில் இதே பேச்சுத்தான். நன்றாகச் சமைப்பாள், சுறுசுறுப்பான ஆள், கையில் கொஞ்சம் முதலும் இருக்கிறது. சாப்பாட்டு வியாபாரம் செய்யலாம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, எங்கே செய்வது என்பதில்தான் சண்டை. அத்தான் டவுனில் என்.சி. வீதிப் பக்கம் ஒரு கடையைப் பார்த்து வைத்திருந்தார். அவர்களின் மூத்தவன் உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் நடமாடும் ஒழுங்கையில் போடலாம் என்றான். வீட்டுக் குசினியிலேயே தொடங்கு என்று சொன்ன எனக்குப் பயந்தாங்கொள்ளிப் பட்டம்தான் கிடைத்தது.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2018இல் நானும் ஒரு கூட்டாளியும் உப்புவெளியில் ஜூஸ், கொத்து ரொட்டி, பொரித்த மீன் என்று சின்னதாக ஒரு கடை போட்டோம். அந்த சீசன் நன்றாகப் போனது. அந்தத் தெம்பில் அடுத்த வருஷத்து முழு வாடகையையும் மார்ச் மாதமே கட்டிவிட்டோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டு வெடித்தது கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும், ஆனால் ஒரு வாரத்துக்குள் எங்கள் கடற்கரையில் தோணிக்காரரையும் நாய்களையும் தவிர ஆளில்லை. காணிக்காரர் காசைத் திருப்பித் தரவில்லை. தரவேண்டும் என்று உடன்படிக்கையில் ஒரு வரி போட்டுக்கொள்ளாதது எங்கள் பிழை. அதற்கடுத்த வருஷம் கொரோனா, 2022இல் பெட்ரோல் வரிசை. நான் 2019இலேயே சட்டியைக் கவிழ்த்துவிட்டதால் மற்ற இரண்டிலிருந்தும் தப்பினேன்.

அதனால் இப்போது எந்த வியாபாரத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடையைத் திறக்காத நாளில் உன் பையிலிருந்து எவ்வளவு போகும்? திறக்கிற நாளில் எவ்வளவு வரும் என்று எல்லோரும் விரல் மடக்கிக் கணக்குப் பார்க்கிறார்கள். மற்றக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

டவுன் கடையை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மாகாணத்தின் தலைநகர் திருகோணமலை, ஆகவே கச்சேரி (மாவட்டச் செயலகம்), மாகாண சபைத் திணைக்களங்கள், ஆஸ்பத்திரி, வங்கிகள் என்று மத்தியானம் பசிக்கிற கூட்டம் இங்கே நிறைய. பலகை தொங்கினால் போகிற வருகிறவர்களும் ஏறுவார்கள், கைக்காசுக்கு வியாபாரம் நடக்கும், பெயரும் பரவும். இதெல்லாம் உண்மைதான். இப்போது வாடகை மாதம் 40,000 ரூபா, ஒரு சோற்றுப் பார்சலில் செலவெல்லாம் போக 80 ரூபா மிஞ்சுகிறது என்று வையுங்கள். வாடகைக்கு மட்டும் 500 பார்சல் விற்க வேண்டும். கந்தோர் நாள் 22 என்றால், தினமும் முதல் 23 பார்சலை நீங்கள் கடைக்காரருக்காகத்தான் கட்டுகிறீர்கள்.

அந்த 22 நாளும் முழுசாகக் கிடைக்காது. மாதத்துக்கொரு போயா (பௌர்ணமி) விடுமுறை, அதற்குமேல் பொங்கல், வருஷப்பிறப்பு, தீபாவளி, பெருநாள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் வாடிக்கையாளர் மத்தியானம் வரமாட்டார்கள். கந்தசஷ்டிக்கும் வெள்ளிக்கிழமைக்கும் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் மரக்கறி, அன்றைக்கு மீன் குழம்பு வைத்தால் மிஞ்சும். அப்புறம் வேலைக்கு ஒரு ஆள். 30,000 ரூபா சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், ஆக மேலதிகமாக 4,500 ரூபா. சம்பளத்தைப் பேசுகிற அன்று இந்தக் காசு ஒருவருக்கும் ஞாபகம் வராது. முற்பணத்தையும் பலகைச் செலவையும் நான் இன்னும் தொடவே இல்லை.

உப்புவெளியும் நிலாவெளியும் வேறு கதை. எங்கள் பக்கத்துச் சீசன் ஏப்ரல் கடைசியில் தொடங்கி செப்டெம்பரோடு தளரும். நவம்பரில் வாடை பிடித்து, கடல் கொந்தளித்து, புறாமலைத் தீவுக்குப் படகு ஓடாத நாட்கள் வந்தால் அந்த ஒழுங்கைகளில் பகலிலேயே தனியாக நடக்க ஒரு மாதிரி இருக்கும். விலை இரண்டு மடங்கு வைக்கலாம், கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வான் பிடித்து வருகிற குடும்பங்கள் ஓகஸ்டில் வரிசையில் நின்று வாங்கும், ஒரே இரவில் டவுன் கடையின் ஒரு கிழமை வியாபாரம் நடக்கலாம், மூத்தவன் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் காணிக்காரர் பலர் வருஷக் கணக்கில்தான் கொடுக்கப் பார்ப்பார்கள். மாதம் 50,000 என்றால் வருஷத்துக்கு 6 இலட்சம். வியாபாரம் நடக்கிற 150 நாளுக்கு அதைப் பிரித்தால் நாளுக்கு 4,000 ரூபா, அடுப்பு மூட்டுவதற்கு முன்பே. ஐந்து மாதத்துக்கு மட்டும் எழுதித் தருகிற காணிக்காரர் கிடைத்தால் என் பேச்சை மாற்றிக்கொள்வேன். கிடைத்தாலும் நல்ல கொத்து மாஸ்டரைச் சீசனில் பிடித்து வைப்பது பெரும்பாடு, பக்கத்துக் கடை 500 கூடக் கொடுத்தால் அடுத்த நாள் அங்கே தகரம் தட்டிக்கொண்டு நிற்பார்.

வீட்டுக் குசினி என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் இளக்காரம். பலகை இல்லை, கல்லாப்பெட்டி இல்லை, ‘சும்மா வீட்டில் சமைத்துக் கொடுக்கிறாள்’ என்பார்கள். ஆனால் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் அடுப்பு மூட்டாவிட்டால் நட்டம் அந்த மூன்று நாள் வருமானம் மட்டும்தான். வாடகை ஓடாது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சமையல் காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது ஞாபகம் இருக்கும். அப்போது கடை வைத்திருந்தவர்கள் வாடகைக்காகவே திறந்து வைத்து நட்டப்பட்டார்கள். வீட்டில் செய்தவர்கள் விறகுக்கு மாறினார்கள், அல்லது சில மாதம் நிறுத்திவிட்டுப் பிறகு தொடங்கினார்கள்.

கடைசியில் அக்கா வீட்டுக் குசினியில்தான் தொடங்கினாள். குறை இல்லாமலில்லை, இதில்தான் நான் அக்காவோடு அதிகம் வாய் கொடுத்தேன். வீட்டுச் சாமானும் வியாபாரச் சாமானும் கலந்துவிடும், ஒரே அரிசி மூட்டை, ஒரே தேங்காய். அவளுடைய உழைப்புக்குச் சம்பளம் போடுவதே இல்லை. “என்ர கைக்கு நானே சம்பளம் போடுறதோ?” என்று சிரித்தாள். போடத்தான் வேண்டும். காலை நாலு மணிக்கு எழும்புகிற ஆளுக்கு நாளுக்கு 1,500 கூட எழுதாமல் வருகிற இலாபம் இலாபமே இல்லை. மூன்றாவது, கடன் கொப்பி. கந்தோர் ஆட்கள் மாதம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு 25ஆம் திகதி சம்பளம் வந்ததும் தருவார்கள், சிலர் அதையும் அடுத்த 25க்குத் தள்ளுவார்கள். கிழமைக்கு ஒருதரம் கணக்கு முடிக்காதவருக்குப் பார்சல் இல்லை என்று இரண்டாவது மாதம் சட்டம் போட்டோம். நாலு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

வீடுதானே என்று பதிவை விடவும் கூடாது. கிராம சேவகரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால்தான் அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், பிறகு கடன் கேட்கவும் அது வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாங்களே கூப்பிட்டுக் குசினியைக் காட்டினோம். கிணற்றடியையும் குப்பை போடுகிற இடத்தையும் மாற்றச் சொன்னார், மாற்றினோம். பொலித்தீன் லஞ்ச் சீட் 2017இலேயே தடை, ஆகவே உக்கும் தாள், இல்லாவிட்டால் வாழையிலை. இலையில் சோறு மணக்கும் என்று வாங்குகிறவர்களும் உண்டு, மிச்ச இலைக்கு எங்கள் படலையடியில் டவுனில் சுற்றித் திரியும் மான்களில் இரண்டு தினமும் வந்து நிற்கும், அந்தச் செலவை மட்டும் நான் கணக்கில் எழுதவில்லை.

ஓட்டோவை லீசிங்கில் எடுத்து வண்டிக்கடை போடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. லீசிங் தவணையும் வாடகை போலத்தான், வண்டி ஓடாத மாதத்திலும் கேட்டு வரும். அதை அங்கேயே விட்டோம்.

இப்போது பத்து மாதமாகிறது. 18 பார்சலில் தொடங்கியது 60இல் நிற்கிறது. அதற்குமேல் போக நாலடுப்பும் இரண்டு பெண்களும் போதாது, அதாவது குசினி நிரம்பிவிட்டது. கடை எடுப்பதென்றால் இதுதான் சரியான காரணம், ஏனென்றால் அந்த முதல் 23 பார்சலுக்கு ஆள் யார் யார் என்று கொப்பியில் பெயரோடு இருக்கிறது. சீசனையும் அவள் விடவில்லை: உப்புவெளியில் இரண்டு தங்குவிடுதிகளுக்கு மே மாதத்திலிருந்து காலை இடியப்பமும் சொதியும் சம்பலும் இங்கிருந்தே போகும். காணியும் வாடகையும் அவர்கள் பாடு, சமையல் எங்கள் பாடு.

அத்தான் பார்த்து வைத்த கடை போய்விட்டது. அனுராதபுரச் சந்திப் பக்கம் வேறொன்று இருக்கிறது, உரிமையாளர் நவம்பரிலிருந்து எடுக்கச் சொல்கிறார். மாரி முடிந்து தைப்பொங்கலுக்குப் பிறகுதான் என்று அக்கா நிற்கிறாள். அந்த இரண்டரை மாத வாடகைக்காக இந்தக் கிழமையும் பேச்சு நடக்கிறது.