வார்ஸோன் 2100: பின்வாங்கச் சொல்லும் அந்தச் சின்னப் பொத்தான்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடை கிராணி வேலை எனக்கு. இரவு ஷிப்டில் பன்னிரண்டு மணிக்கு மேல் குலை லோரி வருவது குறைந்துவிடும். அந்த நேரத்துக்கும் என் பழைய மடிக்கணினிக்கும் தோதாக அமைந்தது, படை திரட்டிச் சண்டை போடும் கணினி விளையாட்டான வார்ஸோன் 2100. பம்ப்கின் ஸ்டூடியோஸ் உருவாக்கி 1999-இல் எய்டோஸ் வெளியிட்டது. பையனாக இருந்தபோது பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய சிடியில்தான் முதலில் ஆடினேன். 2004-இல் மூல நிரலைத் திறந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஆர்வலர்களே எடுத்து வளர்த்து, 2021-இல் நான்காம் பதிப்பு வரை கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது இறக்கிக்கொள்ள ஒரு காசும் வேண்டாம். திருட்டு சிடி வாங்கிய பாவமும் ஒருவழியாகக் கழிந்தது.

அணுகுண்டில் அழிந்த உலகம், மிச்சப்பட்டவர்கள் பழைய தொழில்நுட்பத்தைத் தோண்டியெடுத்து மறுபடி எழுவது என்று ஒரு கதை உண்டு. கதைக்காக யாரும் இதை ஆட வேண்டியதில்லை. நான் ஆடுவது ஒரு பொத்தானுக்காக.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கட்டளைப் பலகை இருக்கிறது. அதில் மூன்று தெரிவுகள்: நடுத்தரச் சேதத்தில் பின்வாங்கு, பெருஞ்சேதத்தில் பின்வாங்கு, வாழ்வா சாவா. முதலாவதைப் போட்டால் பலம் முக்கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் வண்டி தானாகத் திரும்பிப் பழுதுபார்க்கும் கூடத்துக்கு ஓடும். இரண்டாவதில் பாதி போகும்வரை நின்று அடிக்கும். கூடமே கட்டவில்லையா, தலைமையகத்துக்குப் போகும். போன வாரம் சண்டை நடுவில் ஒரு லோரி ஹாரன் அடித்தது. இறங்கிப் போய் எடை போட்டு, சீட்டு கிழித்துக் கொடுத்து, டிரைவர் அண்ணன் சொன்ன டயர் கதையையும் கேட்டுவிட்டு வந்தேன். மூன்று வண்டிகள் பழுது தீர்ந்து வரிசையாக நின்றன. என் கை படவே இல்லை.

பிழைத்து வருகிற வண்டிக்கு அனுபவம் ஏறும், அதுதான் விஷயம். கத்துக்குட்டியாகத் தொழிற்சாலையை விட்டு வந்தது, சண்டைக்குச் சண்டை தரம் உயர்ந்து நாயகன் பட்டம் வரை போகும். குறி நன்றாக விழும், வாங்குகிற அடியும் குறையும். அப்படிப் பழுத்த வண்டி ஒன்றை இழந்துவிட்டு அதே மாதிரி புதிதாகச் செய்தாலும் அது இதற்கு ஈடாகாது.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். தொடக்கத்தில் எல்லா வண்டிக்கும் இருப்பது வாழ்வா சாவாதான். பலகையைத் திறந்து பார்க்காதவன் பத்து ஆட்டம் தோற்றபின்தான் இப்படி ஒன்று இருப்பதையே கண்டுபிடிப்பான். சரி, ஒவ்வொரு வண்டியாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். வண்டி செய்யும் தொழிற்சாலைக்கே கட்டளை போட்டுவிட்டால், வெளியே வருவதெல்லாம் அந்தப் புத்தியோடு வரும்.

போன தீபாவளி விடுமுறையில் அண்ணன் மகன் வந்திருந்தான். இருவரும் எதிரெதிராக ஆடினோம். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து மொத்தப் படைக்கும் நடுத்தரச் சேதம் போட்டுவைத்தேன். மலை இடுக்கில் சண்டை. அவன் ராக்கெட் நாலு விழுந்ததும் முன்வரிசை திரும்பியது. அவர்கள் போன இடத்தில் அடுத்த வரிசை அடி வாங்கி, அதுவும் திரும்பியது. “சித்தப்பா, உங்க ஆளுங்கல்லாம் பெரட்டு கலைஞ்ச மாதிரி வீட்டுக்குப் போறாங்க” என்று, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தைச் சொல்லிச் சிரித்தான். ஒரே ஒரு கூடம்தான் கட்டியிருந்தேன். அதன் வாசலில் நெரிசல். பழுது தீர்ந்த வண்டிகளோ கூடத்தின் சேருமிடத்திலேயே நின்றுவிட்டன. அந்தச் சேருமிடத்தை நாமே தூக்கிப் போர்முனைப் பக்கம் வைக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது என் கணக்கு வேறு. சங்கிலிச் சக்கர வண்டிகள் கனம் தாங்கும், ஆனால் ஆமை வேகம். பாதி பலத்தில் கிளம்பினால் பீரங்கி மழையில் வீடு வந்து சேராது, அதனால் தரம் ஏறியவற்றுக்கு மட்டும் நடுத்தரச் சேதம். மற்றவற்றுக்குப் பெருஞ்சேதம். உளவு பார்க்க அனுப்பும் மலிவான வைப்பர் வண்டிகளுக்கு வாழ்வா சாவாவே போதும், அவற்றைப் பழுதுபார்க்கிற நேரத்தில் இன்னொன்று செய்துவிடலாம். படைக்குப் பின்னால் பழுதுபார்க்கும் கருவி பொருத்திய வண்டி இரண்டை நிறுத்திவைத்தால் பாதிப் பேர் ஓட வேண்டிய தேவையே வராது.

ஒன்றை மட்டும் என்னால் சரிக்கட்ட முடியவில்லை. பின்வாங்கும் வண்டி, போகிற வழியில் எவன் நிற்கிறான் என்று பார்ப்பதில்லை. அண்ணன் மகன் இதைப் பிடித்துக்கொண்டான். இப்போதெல்லாம் முனையில் இலேசாகத் தட்டிவிட்டு, என் கூடத்துக்குப் போகும் பாதையோரம் நாலு வண்டியை ஒளித்துவைக்கிறான். சனிக்கிழமை மட்டும் அங்கே எனக்கு இரண்டு நாயகர்கள் போனார்கள்.