உத்திரமேரூர் ஓட்டு வீடு: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

உத்திரமேரூரில் நாங்கள் வாங்கின பழைய வீட்டுக்குப் போன வாரம்தான் ஓடு மாற்றி முடித்தோம். கூலி கொடுத்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதற்குள் அலுவலக நண்பர் ஒருவர் வந்து, "உங்க தெருவுக்கு மூணாவது தெருவுல ஒரு பழைய வீடு வருது சார், வாங்கலாமா?" என்று கேட்கிறார். கேன்டீனில் டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் தள்ளிவிடலாம். குரோம்பேட்டையிலிருந்து ஜிஎஸ்டி சாலையைப் பிடித்து, பரனூர் சுங்கச்சாவடியில் அழுதுவிட்டு, புக்கத்துறை கூட்டுரோட்டில் திரும்பினால் உத்திரமேரூர். ஊருக்குள் ரயில் கிடையாது. வண்டி இல்லாதவர்கள் செங்கல்பட்டு வரை மின்சார ரயிலில் வந்து பஸ் பிடிக்க வேண்டும். விலையைப் பொறுத்தவரை, பல்லாவரத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குக் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டில் கிணறு எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். முத்திரைத்தாள் செலவு 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சத்துக்குள் இருக்கும் சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் மிச்சம். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, நத்தம் பட்டா (ஊர்க் குடியிருப்பு மனைக்கான பட்டா) மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும் என்றால் யோசியுங்கள். நான் போன வங்கியில் என் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் கட்டடத்தின் வயசைக் கேட்டார்கள்.

தரகர் "கோயிலை ஒட்டினாப்பல வீடு சார்" என்று குழைந்தால் மட்டும் ஒரு நிமிடம் நிதானியுங்கள். ஊர்ச் சபைக்கு ஓலை குலுக்கி ஆள் எடுத்த விதிகளைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டு இருக்கிற வைகுண்டப் பெருமாள் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் எழுப்ப முடியாது. அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010-ல் திருத்திய சட்டம் இது. உள்வட்டத்தில் இருக்கும் பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் எழுதிக் கேட்க வேண்டும். என் வீடு இந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதனால் என் தொல்லை சட்டத்தால் வந்தது அல்ல, வால் உள்ளவர்களால் வந்தது.

குரங்கு. இத்தனை பீடிகையும் அதற்குத்தான்.

நாட்டு ஓடு போட்ட கூரையைப் பக்கத்தில் பார்த்திராதவர்களுக்கு: ஒரு வரிசை ஓடு மல்லாந்து கிடக்கும், அடுத்தது அதன்மேல் கவிழ்ந்து கிடக்கும். ஆணியும் இல்லை, கம்பியும் இல்லை. ஓட்டைத் தாங்கும் மரச் சட்டமான வரிச்சுமேல் தன் எடையால் நிற்கிறது. காற்றுக்கும் மழைக்கும் இது போதும். ஓட்டுக்கு அடியில் பூச்சி இருக்கிறதா என்று நாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தூக்கினதைத் திரும்ப வைக்காமல் போகிற பிராணிக்கு இது போதாது. ஒரு ஓடு நகர்ந்தால் மேலே இருப்பவை தானாக இறங்கும். அந்தச் சந்தில் ஒழுகுகிற தண்ணீர் நேராகத் தரைக்கு வந்தால்கூடப் பாத்திரம் வைத்துப் பிடித்துவிடலாம். அது வராது. வரிச்சிலேயே ஊறும். ஊறின மரத்துக்குக் கரையான் வரும். நாம் கண்டுபிடிக்கும்போது ஓடு செலவு தச்சர் செலவாகியிருக்கும்.

செய்யாத வைத்தியம் இல்லை. பின்கட்டில் நாட்டு ஓட்டை எடுத்துவிட்டு ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் தட்டையான மங்களூர் ஓடு போட்டேன். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் குதிக்கிற குதியில் விளிம்பு உடைகிறது. முன்பக்கத்துக்குக் கம்பி வலை அடித்தேன். குரங்கு நின்றது, வேப்பிலை நிற்கவில்லை. இலை வலைக்குக் கீழே போய் மக்கி, இரண்டு சரிவும் சேருகிற மூலைத் தகரத்தை அடைத்து, அடுத்த மழைக்குக் கூடத்தில் புதிதாக ஓர் ஒழுகல். பெருக்கலாம் என்றால் வலை தடுக்கிறது. பிரித்துப் போட்டேன். எதிர்வீட்டில் ஓட்டுக்கு மேலேயே தகர ஷீட் போட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மே மாதம் அவர்கள் வீட்டுக்குள் ஒரு டம்ளர் மோர் குடிக்கும் நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அந்த நிம்மதி எனக்கு வேண்டாம்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் குரோம்பேட்டை மொட்டைமாடிக்குக் கீழே வெந்துகொண்டிருக்கும் எங்களுக்கு, இந்தக் கூடத்தில் மதியத் தூக்கம் ஒரு வரம்தான். ஃபேனைக் குறைத்து வைக்கச் சொல்லி என் மனைவி கேட்ட ஒரே வீடு இது. மழை வந்தால் முற்றத்தில் நாலு பக்கமும் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம். இந்தக் குளிர்ச்சியெல்லாம் அந்த ஆணியில்லாத ஓட்டால் வருவது. அதை மாற்றிவிட்டால் நான் வாங்கின வீடு இல்லை.

ஓடு மாற்ற வருகிறவர் எழுபதை நெருங்கினவர். வெறுங்காலோடு வரிச்சுமேலேயே அடி வைத்து ஏறுகிறார். ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்கிறார். கணீரென்றால் கூரைக்கு. மந்தமாகக் கேட்டால் கீழே குவியலுக்கு. அந்தக் குவியல்தான் என் வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் புது நாட்டு ஓடு சுட்டுக் கொடுக்கிறவர் யாரும் எனக்கு அகப்படவில்லை. எங்கேயாவது பழைய வீடு இடிக்கும்போது போய் வாங்கிவர வேண்டும். குரங்கைப் பற்றி அவரிடம் புலம்பினேன். "ஆளு பொழங்குற வூட்டு மேல அது இவ்ளோ ஆடாது சார். நீங்க சனி, ஞாயிறு வர்றீங்க. மிச்ச நாளு வூடு அதுங்களுதுதானே" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது சரி. இந்த விலை, தினமும் நிமிர்ந்து கூரையைப் பார்க்கிற ஆளுக்கு வைத்த விலை. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு வாரக்கடைசிக்கு வருகிறவன் மீதியைத் தவணையில் கட்டுகிறான். நவம்பரில் இங்கே குரோம்பேட்டையில் எங்கள் தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு ஏறும்போது, வண்டியை மேட்டில் ஏற்றுவதா, உத்திரமேரூருக்கு ஃபோன் போடுவதா என்று தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவே கூப்பிடுவார்: "தம்பி, உங்க வூட்டு மேல ஓடு எறங்கியிருக்குது, பார்த்துக்குங்க." குரோம்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு எதைப் பார்ப்பது?

ஊரில் மனம் ஆறுவதற்கு அந்தக் கல்வெட்டு இருக்கிறது. பராந்தகச் சோழன் காலம், 919, 921. வாரியத்துக்கு, அதாவது ஊர்ச் சபையின் குழுவுக்கு, நிற்க வேண்டுமானால் சொந்த மனையில் கட்டின வீடு வேண்டும், வரி கட்டுகிற கால்வேலி நிலம் வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், கணக்குக் காட்டாமல் போனவனுக்கு இடமில்லை என்று கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் வயதுக்கும் நான் தேறுவேன், நிலத்தில் அடிபடுவேன். ஏரி வாரியம் வைத்தார்கள், தோட்ட வாரியம் வைத்தார்கள், பொன் வாரியம்கூட வைத்தார்கள். ஓட்டு வாரியம் வைக்கவில்லை. சபை கூடின இடம் கல் மண்டபம், அவர்களுக்கு அந்தக் கவலை எதற்கு?

சரி, நண்பருக்குப் பதில். ஊர் நல்ல ஊர், வீடு நல்ல வீடு, விலையும் நியாயம். வாங்காதீர்கள். உங்களுக்கும் அம்பத்தூரில்தான் வேலை, உங்களுக்குக் குரங்கிடம் என்னைவிடப் பொறுமை குறைவு. ஆனால் அந்த வீட்டை நானும் வெளியிலிருந்து பார்த்தேன். பின்கட்டு ஓடு நல்ல பதத்தில் இருக்கிறது. வாங்குகிறவர் இடித்துவிட்டு காங்கிரீட் போடப் போகிறார் என்று தரகர் சொன்னால், ஓட்டை மட்டும் தனியாகத் தருவார்களா என்று எனக்காக ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். வண்டி வாடகை என்னுடையது.